சேறு பூசிய கறுப்புக் கார்

கழுவித் துடைத்து, மெழுகு போட்டு முடித்திருந்தேன். புங்க மரத்தடியில் கார் நின்றது. பானெட்டின் மேல் மரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. வெயில் இன்னும் ஏறவில்லை. கழுவிய தண்ணீர் செம்மண்ணோடு கலந்து ஓடி, மரத்தின் வேரோரம் சிறு குட்டையாகத் தேங்கியிருந்தது.

என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தார். பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு அதுதான் அவருக்கு முதல் சவாரி. கம்பைநல்லூரில் ஒரு கல்யாணம். பெண்ணையும் பெண் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

அப்போது வானத்தில் சத்தம் கேட்டது. பெங்களூர்ப் பக்கம் போகிற ஆகாய விமானம். சண்டைக் காலத்தில் எங்களுக்கு அது பழகிப் போயிருந்தது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவரும் பார்க்கவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் குட்டையிலிருந்து சேற்றை அள்ளி, பானெட்டின் மேல் பூசினார். மறுபடி அள்ளிக் கதவில் பூசினார்.

"என்னங்க பண்றீங்க?"

"மின்னுது," என்றார். "மின்னுது நாகு. நீயும் பூசு."

முன் கண்ணாடி, விளக்குகள், மட்கார்டு எல்லாவற்றிலும் சேறு. கை வேகமாகவும் ஒழுங்காகவும் ஓடியது. பல தடவை செய்து பழகிய கை. சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும், பின்பக்கத்தில் மீதியிருந்த இடத்தைத் தேடிப் பூசிக்கொண்டிருந்தார். அப்புறம் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை சிவந்து கிடந்தது.

"ஒண்ணுமில்ல," என்றார். "ஒண்ணுமில்ல, நீ உள்ள போ."

சண்டைக் காலம் முழுதும் கண்ணைப் போல நான் காப்பாற்றி வைத்திருந்த பளபளப்பு அது.

கறுப்பு எதையும் மறைக்காது

போன வாரம் இந்தப் பத்தியில் பள்ளிக்கூடத்துக் கஞ்சித் தொட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "டீச்சர், உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் எழுதவே மாட்டேன் என்கிறீர்களே" என்று கேட்டிருந்தார். அவரைப் பற்றி எழுதினால் காரைப் பற்றி எழுத வேண்டும். காரைப் பற்றி எழுதினால் அந்தக் காலையைப் பற்றி எழுத வேண்டும். அதனால்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

அவர் பெயர் மாதையன். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதுவதில் தோஷமில்லை என்று நினைக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஓசூர்ப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் துரைக்கு டிரைவராக இருந்தார். துரை சீமைக்குத் திரும்பும்போது, தன் பழைய காரை வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் இவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கொண்டுவந்து தருமபுரியில் வாடகைக்கு ஓட்டினார். சேலம் ஜில்லாவின் வடக்கு ஓரத்தில் கிடந்த எங்கள் ஊரில் அப்போது வாடகைக் கார் என்பது அபூர்வம். மண் வாரி இறைத்துக்கொண்டு போகும் பஸ்கள் இருந்தன, மாட்டு வண்டிகள் இருந்தன, மொரப்பூரிலிருந்து ஊர்ந்து வரும் சின்ன ரயில் இருந்தது. இவற்றுக்கு நடுவே மாதையன் கார் கறுப்பாக, பிடித்து வைத்த தண்ணீர் போல நிற்கும்.

கறுப்பு எதையும் மறைத்துவிடும் என்று நினைப்பவர்கள் கறுப்புக் கார் வைத்திருந்ததில்லை. வெள்ளைத் துணியில் தெரியாத அழுக்கு கூடக் கறுப்புப் பெயின்ட்டில் தெரிந்துவிடும். விரல் வைத்தால் விரல் தெரியும். எங்கள் செம்மண் புழுதி ஒரு மைல் ஓடுவதற்குள் முழுக் காரையும் போர்த்திவிடும். தண்ணீர்ச் சொட்டு வெயிலில் காய்ந்தால் வட்டம் வட்டமாகத் தழும்பு விழும். காக்கை எச்சத்தை மத்தியானம் வரை விட்டால், துடைத்த பிறகும் அந்த இடம் செத்துப் போனது போல மங்கலாகவே இருக்கும்.

அவருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. புழுதியை உலர்ந்தபடி துடைக்கவே கூடாது. "மண்ணு இல்ல அது, அத்தனையும் சின்னச் சின்ன கல்லு" என்பார். முதலில் மேலிருந்து தண்ணீரை ஊற்றி மண்ணைத் தானாக இறங்க விட வேண்டும். அப்புறம்தான் துணி. துணி என்றால் பல தடவை வெளுத்த பழைய வேட்டி, அதிலும் கரையைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். கரை இழை கூடக் கோடு போடுமாம். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்புக் காட்டும் டிரைவர்களைக் கண்டால் சிரிப்பார். எண்ணெய்ப் பளபளப்பு பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் வரும், அதற்குள் ஊர்ப் புழுதியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு பக்கம் அவர் தேய்ப்பார், ஒரு பக்கம் நான் தேய்ப்பேன். புதுப் பெண்சாதியோடு பேசுவதற்கு அந்தக் காலத்து ஆண்களுக்கு நேரமும் இடமும் ஏது? எங்களுக்குக் கார் இருந்தது. இரண்டு பக்கமும் நின்று, நடுவில் பானெட்டை வைத்துக்கொண்டு பேசினோம். அவர் முகத்தை நேரே பார்க்கக் கூச்சமாக இருந்தால் பெயின்ட்டில் பார்த்துக்கொள்வேன்.

பொட்டு வைக்காதீங்க

அவர் பிழைப்பில் பாதி கல்யாணச் சவாரி. அதில் பெயின்ட்டுக்குத்தான் கஷ்டம்.

பெண் ஏறும் காருக்குப் பொட்டு வைக்காமல் யார் விடுவார்கள்? சந்தனம், குங்குமம், அதற்கு மேல் கம்பியால் கட்டிய பூமாலை. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். சுண்ணாம்பு பட்ட பெயின்ட் வெளுக்கும், குங்குமம் ஊறினால் போகவே போகாது, கம்பி கீறும். இவர் காருக்கு முன்னால் நின்றுகொண்டு இரண்டு கையையும் விரித்து, "பொட்டு வைக்காதீங்க, பொண்ணுக்கு வைங்க, மாப்பிளைக்கு வைங்க, எனக்கு வேணும்னாலும் வைங்க" என்று கெஞ்சுவார்.

ஒரு தடவை பாலக்கோட்டில் பெண்ணின் அத்தைகள் அவரைப் பிடித்து நிறுத்தி, நிஜமாகவே அவர் நெற்றியிலும் கன்னத்திலும் சந்தனம் பூசிவிட்டார்கள். அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் முதலில் காரைச் சுற்றி வந்து பார்த்தார். "ஒரு பொட்டுகூட விழல," என்றார். தன் முகம் நினைவே இல்லை.

அவ்வளவு சிரித்த மனிதர்.

கொட்டாயில் நின்ற கார்

சண்டை வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பிறகு கூப்பனுக்கும் பெட்ரோல் இல்லாமல் போனது. பஸ்களுக்குப் பின்னால் பெரிய கரி டிரம்மைக் கட்டி, அடுப்பு மூட்டி ஓட்டினார்கள். அந்தச் சூட்டில் பஸ்ஸின் பின்பக்கப் பெயின்ட் அம்மைக் கொப்புளம் போல எழும்பி உரியும். இவர் அதைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம வண்டிக்கு அது வேணாம் நாகு" என்றார். கார் கொட்டாய்க்குள் போனது. இவர் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்தார். கார் ஓட்டத் தெரிந்தவர்களைக் கூவிக் கூவி எடுத்துக்கொண்டிருந்த காலம்.

போவதற்கு முன் காரைக் கல்லடுக்கி மேலேற்றி நிறுத்தினார். டயர் தரையில் படாமல் நின்றது. எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "வாரத்துக்கு ஒருக்கா பாத்துக்க."

வாரம் ஒரு தடவை என்றுதான் தொடங்கினேன். சயாம், பர்மா என்று பள்ளிக்கூடத்துப் படத்தில் நான் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டிய இடங்களின் பேர்கள் பேப்பரில் வர ஆரம்பித்ததும் அது தினமும் என்று ஆகிவிட்டது. நான் படித்தவள், சாமிக்குக் காசு முடிந்து வைப்பதில்கூட நம்பிக்கை குறைவு. ஆனாலும் ஒரு நாள் துடைக்காமல் விட்டால் அங்கே ஏதோ நடந்துவிடும் என்ற எண்ணம் எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. காய்ச்சலில் கிடந்த நாளிலும் எழுந்து போய்க் கதவுப்பிடியையாவது தடவிவிட்டு வந்து படுத்தேன்.

ஒரு ஐப்பசி மழையில், மூடியிருந்த தார்ப்பாயை எடுத்துப் பார்த்தால், பெயின்ட்டின் மேல் வெள்ளையாக மூச்சு விட்டது போல ஒரு படலம். கை வைத்துத் தேய்த்தேன், போகவில்லை. அழுதேவிட்டேன். தார்ப்பாய்க்குள் ஈரம் அடைத்துக்கொண்டதுதான் காரணம். தார்ப்பாயைத் தூக்கி எறிந்துவிட்டு, காற்றாட விட்டு, மெழுகு போட்டு, உள்ளங்கைச் சூட்டிலேயே நாள் கணக்காகத் தேய்த்த பிறகுதான் கறுப்பு திரும்பி வந்தது.

மெழுகும் கடையில் கிடைக்காத காலம். வத்தல்மலையிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டுவருகிற ஒரு அம்மாள் தேன்மெழுகை உருண்டையாகத் தருவாள். அதைச் சூடான தண்ணீருக்குள் கிண்ணம் வைத்து உருக்கி, அடுப்பை விட்டுத் தூரமாக எடுத்து வந்து, கற்பூரத் தைலம் கலப்பேன். பெயின்ட்டுக் கடைகளில் டர்ப்பன்டைன் என்று விற்பார்களே, அதுதான். ஆறியதும் வெண்ணெய் போல இறுகும். அதில் ஒரு விரல் எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தடவி, மங்கியதும் வேறு துணியால் துடைக்க வேண்டும்.

மெழுகு எதற்கு என்று ஒரு நாள் அந்த அம்மாளே கேட்டாள். கொட்டாய்க்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தாள்.

"இது ஓடாதாம்மா?"

"இப்ப ஓடாது."

"ஓடாததுக்கா இத்தன சீரு?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப யாரோ வரணும்," என்றாள்.

மூத்தாரின் யோசனை

அவருடைய அண்ணன் பெருமாள், என் மூத்தார், பக்கத்துத் தெருவில் இருந்தார். வெல்ல மண்டி. கெட்டவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் மண்டிக்கு வருகிற ஒரு காண்டிராக்டரை அழைத்து வந்தார். காரின் பின்பாதியை வெட்டிவிட்டு, கரி டிரம் மாட்டி, மூட்டை ஏற்றுகிற வண்டியாக ஓட்டலாம் என்பது யோசனை.

"சும்மா கெடந்து துருப் புடிக்குது. தம்பி வந்தா வேற வாங்கிக்கலாம் அம்மா."

"வந்து கேட்டா நான் என்னங்க மாமா சொல்றது?"

"வந்தா பாத்துக்கலாங்கறன்."

அந்த 'வந்தா' என்ற சொல் என்னைச் சுட்டது. பல மாதமாகக் கடுதாசி இல்லாத நேரம் அது. "துருப் புடிச்சிருந்தா வெட்டுங்க, வந்து பாருங்க," என்று கொட்டாயைத் திறந்து காட்டினேன். காண்டிராக்டர் குனிந்து பெயின்ட்டைப் பார்த்தார், அதில் தன் முகத்தைப் பார்த்தார், "இத வெட்டுறது பாவம்ங்க," என்று போய்விட்டார். மூத்தார் அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டார்.

வந்தவர்

சண்டை முடிந்து, பட்டாளம் கலைந்து, ஒரு மாசி மாதத்தில் வந்தார். சின்ன ரயிலைச் சண்டைக் காலத்தில் நிறுத்திவிட்டார்கள். மொரப்பூரில் இறங்கி, கரி பஸ் ஏறி, முகமெல்லாம் கரிப்புகையோடு வாசலில் நின்றார். இளைத்திருந்தார். கையும் காலும் முழுசாக இருந்தன. எனக்கு அது போதும் என்று இருந்தது.

அன்றே கொட்டாய்க் கதவைத் திறந்து காட்டினேன். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். வாசலிலேயே நின்று பார்த்தார். "நல்லாத்தான் வெச்சிருக்கற," என்றார். உள்ளே போகவில்லை. தொடவில்லை.

அவர் பேச்சு குறைந்திருந்தது. களைப்பு என்று நினைத்தேன். சில வாரம் கழித்து மெல்ல இஞ்சினைப் பிரித்தார், சேலத்திலிருந்து பாட்டரி வந்தது, டயர் வந்தது. எல்லாம் செய்தார். துணியை மட்டும் கையில் எடுக்கவில்லை. "நீயே தொடச்சுரு," என்பார்.

இஞ்சின் ஓடியது. கம்பைநல்லூர்ச் சவாரி வந்தது. அதன் காலையில் நடந்ததைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

உலர்ந்த சேறு

கார் வரவில்லையே என்று கல்யாணப் பெண்ணின் மாமா ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார். காரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாட்டு வண்டி பிடிக்கப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாதையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

மூத்தார் வெகுநாள் கழித்துப் படி ஏறினார். "மந்திரிக்கணும். அதுக்கு முன்னால வண்டிய வித்துருங்க. அது கையில இருந்தா எங்காவது கொண்டுபோய் மோதிருவான்," என்றார். என்னிடம்தான் சொன்னார். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தம்பியிடம் பேசுவதை ஊரைப் போலவே அவரும் விட்டுவிட்டார்.

எனக்குக் கருணை பொங்கியது என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்குக் கோபம். அத்தனை வருஷத்துக் காலைகளையும் ஒரே நிமிஷத்தில் சேற்றில் முக்கிவிட்டாரே என்ற கோபம். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றப் போனேன். கையைப் பிடித்தார்.

"ஊத்தாத."

"காஞ்சா கீறிருமுங்க. நீங்கதான சொன்னீங்க, அத்தனையும் கல்லுன்னு."

"கீறட்டும். ஊத்தாத."

குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சில நாள் நாங்கள் பேசவில்லை. கார் மரத்தடியில் செம்மண் பொம்மை போல நின்றது. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. பிள்ளைகள் வேலி வழியே எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது, காரின் படியில் உட்கார்ந்து, காய்ந்த சேற்றுப் பாளம் ஒன்றை விரலால் நொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"அங்க எல்லா லாரிக்கும் சேறு பூசுவம். கண்ணாடி, விளக்கு, ஒண்ணும் மின்னக் கூடாது. மேல இருந்து பாத்தா மின்னுறதுதான் தெரியும். மொத நாளே சொல்லிக் குடுத்துருவாங்க."

"சரிங்க."

"திம்மராயன்னு ஒருத்தன் எங்கூட. மாரண்டஹள்ளிப் பையன். ஒரே லாரி. மாத்தி மாத்தி ஓட்டுவம். ஒருநா ஓடையில எறங்கி ஏறுனம், சேறெல்லாம் கழுவிட்டுப் போயிருச்சு. கரையில நிறுத்துனம். அவன் லாரிக்கடியில துண்ட விரிச்சுப் படுத்துட்டான். பூச வேண்டியது என் மொறை."

கையில் மீதியிருந்த பாளத்தையும் நொறுக்கிக் கீழே விட்டார்.

"பூசத்தான் போனன் நாகு. பானெட்டு ஈரமா இருந்துச்சு. அழுக்குத் தண்ணி கோடு கோடா எறங்கி நின்னுச்சு. தோள்ல துணி இருந்துச்சு. கை தானா போயிருச்சு. தொடச்சிட்டன். நம்ம வண்டி மாதிரி இருந்துச்சு. நல்லா இருக்குதேன்னு நின்னு பாத்தன்."

விமானம் வந்தது. இவர் ஓடைக்குள் விழுந்தார். திம்மராயன் எழவில்லை.

"அதப் பாத்துதான் வந்துச்சா, சும்மா வந்துச்சா, யாருக்குத் தெரியும்? பக்கத்துல நின்ன சேறு பூசுன லாரி மேலயும்தான் குண்டு விழுந்துச்சு. ஆனா நான் தொடச்சது நெசம்."

 அந்தக் கை எங்கே பழகியது என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானுமாக நின்று பழகிய கை அது.

"அவங்க வூட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினார். இல்லை.

"மாரண்டஹள்ளி எட்டாத தூரமா? போலாம்," என்றேன்.

மாரண்டஹள்ளி

காரிலேயே போனோம், சேற்றோடுதான். முன் கண்ணாடியில் பார்வைக்கு வேண்டிய அளவு இடத்தை மட்டும் அவரே ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். பாலக்கோட்டுக் கடைத்தெருவில் ஜனங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் நேரே பார்த்து ஓட்டினார். ஓட்டுவதில் ஒரு பிசகும் இல்லை. புத்தி பேதலித்தவன் கை இப்படியா இருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

திம்மராயன் வீடு ஊருக்கு வெளியே, கத்தரித் தோட்டத்தை ஒட்டி இருந்தது. அவன் மனைவி எல்லம்மா தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவள். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், இரண்டும் கலந்த பேச்சு. இவர் பட்டாளத்தில் திம்மராயனோடு இருந்ததைச் சொன்னதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பாய் எடுத்துப் போட்டாள்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சர்க்கார் தந்தியில் இருந்த ஒரு வரிதான். செத்துப் போனான் என்று இருந்தது. எப்படி என்று இல்லை.

இவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஓடையில் இறங்கியது, அவன் படுத்தது, தான் துடைத்தது. எதையும் குறைக்கவில்லை. "நான் தொடைக்காம இருந்திருந்தா ஒருவேள அவன் இருந்திருப்பான் தங்கச்சி. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தன்," என்றார்.

 அவள் கத்தியிருந்தாலும் மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது. வாய்க்கால் தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு ஓடியது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"தூங்கிட்டா இருந்தாரு?"

"ஆமா. ராத்திரியெல்லாம் அவன்தான் ஓட்டுனான். படுத்ததும் தூங்கிட்டான்."

"ஔதா?" என்றாள். அப்படியா என்று அர்த்தம். "எந்திரிக்கவே இல்லியா?"

"எந்திரிக்கல."

"தண்ணி கிண்ணி கேக்கலியா?"

"இல்ல தங்கச்சி. கண்ணே தொறக்கல. நாந்தான் அவன வெளிய எடுத்தன், எனக்குத் தெரியும்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். அழுகை அடங்கியதும் சொன்னாள்:

"எனக்கு ராவும் பகலும் அதே நெனப்புங்க அண்ணா. தண்ணி தண்ணின்னு கேட்டிருப்பாரு, குடுக்க ஆள் இருந்திருக்காதுன்னு. பாத்திக்குத் தண்ணி வுடறப்பல்லாம் அது ஒண்ணுதான். தூங்கிட்டுத்தான் இருந்தாரா? ராத்திரியெல்லாம் ஓட்டுனாருன்னா நல்ல தூக்கந்தான் இருந்திருக்கும்."

 சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே மறுபடி சொன்னாள்:

"தொடச்சத நெனச்சா வருத்தப்படறீங்க? அவருகூட அப்படித்தான். ஏருல இருந்து அவுத்த மாட்டக் குளிப்பாட்டாம கட்ட மாட்டாரு. உங்க மொறையா இல்லாம அவரு மொறையா இருந்திருந்தா, அவரும் தொடச்சுத்தான் இருப்பாரு."

அவள் மன்னித்தாளா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. ராகிக் களியும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டாள். இவர் சாப்பிட்டார். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அவர் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மழைக்கு அப்புறம்

சேற்றை நானும் கழுவவில்லை, அவரும் கழுவவில்லை. சித்திரை மாதத்துக் கோடை மழை ஒன்று, சாயங்காலம் இடியோடு வந்தது. காரைக் கொட்டாய்க்குள் தள்ளலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்," என்றார். வாசலில் நின்று இரண்டு பேரும் பார்த்தோம். பாளங்கள் நனைந்து, நெகிழ்ந்து, சிவப்பாக வழிந்து இறங்கின. மழை விட்டபோது கறுப்பு தெரிந்தது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் அதில் நெடுக மெல்லிய கோடுகளும் தெரிந்தன.

"கீறிடுச்சு," என்றார்.

"கீறட்டும்," என்றேன். அப்போது எனக்குக் கோபம் இல்லை.

அந்தக் கீறல்கள் கடைசி வரை போகவில்லை. மறுநாளிலிருந்து நான் பழையபடி மெழுகு போட ஆரம்பித்தேன். சில மாதம் கழித்து, கேட்காமலே எதிர்ப்பக்கம் வந்து நின்று, அவரும் ஒரு துணியை எடுத்தார். நேர்வெயிலில் மட்டும் காரை நிறுத்த மாட்டார். எங்கே போனாலும் மரம் தேடித்தான் நிறுத்துவார்.

சவாரி உடனே வரவில்லை. பயந்தார்கள். ஒரு நாள் மண்டித் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வண்டி கிடைக்காமல், மூத்தாரே ஓடிவந்து தம்பியைக் கூப்பிட்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மந்திரிக்கிற பேச்சு நின்றது.

ஆனால் விமானம் நிற்கவில்லை. வானத்தில் அந்தச் சத்தம் கேட்டால் இவர் காரை ஓரம் கட்டி, ஒரு புளிய மரத்தடியில் நிறுத்திவிடுவார். இறங்க மாட்டார், சேறு தேட மாட்டார். இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். சத்தம் போன பிறகும் கொஞ்ச நேரம் ஆகும்.

ஒரு கல்யாணச் சவாரியில் நானும் போயிருந்தேன். முன்சீட்டில் நான், பின்னால் மாப்பிள்ளையும் அவன் சித்தப்பாவும். அதியமான்கோட்டை தாண்டியதும் சத்தம் கேட்டது. கார் மரத்தடியில் நின்றது. முகூர்த்தத்துக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

"ஏன் மாதையா நிறுத்திட்ட?" என்று வெளியூர் மாப்பிள்ளை கேட்டான்.

"இஞ்சின் சூடாயிருச்சுங்க," என்றார் இவர்.

மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கப் போனான். சித்தப்பா எங்கள் ஊர்க்காரர். அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஆமாப்பா, சூடாயிருச்சு. ஆறட்டும்."

அப்படித்தான் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். இவர் கார் ஓட்டிய அத்தனை வருஷத்தில், ஒருவர்கூட இறங்கிப் போய் பானெட்டில் கை வைத்துப் பார்த்ததில்லை.